ஊரின் நில அமைப்பை அளந்தறிதல்

நம் ஊரில் தோப்பும் காடும் எவ்வளவு உள்ளன என்று எவரேனும் வினவினால், விடை கூறுதல் அரிதன்று. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், ஏரி எத்தனை ஹெக்டேர், மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஹெக்டேர், கோயிற்காடு எத்தனை ஏர் என்பன புல எண் வாரியாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தோப்பு ஒரே தொகுதியாக இருக்கின்றதா, பத்துத் துண்டுகளாகச் சிதறியிருக்கின்றதா, ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டுக்கு ஓர் உயிர் சென்று சேர வழியுண்டா என்னும் வினாக்களுக்குப் பதிவேட்டின் கூட்டுத்தொகை விடையளிப்பதில்லை. பறவைக்கும் வண்டுக்கும் விதைக்கும் நீருக்கும் இவ்வினாக்களே உயிர்நிலையானவை.

பரப்பளவு ஒன்றாகவே இருந்தும், அது கிடக்கும் முறை வேறுபட்டால் பயன் முற்றிலும் வேறுபடும். ஒரு வேட்டியின் துணியும் அதே நீளமுள்ள கந்தல்களின் குவியலும் அளவில் ஒன்றே; உடுத்துவதற்கு ஒன்றுதான் உதவும். நிலத்தின் இக்கிடப்பு முறையையே அறிவியலார் நில அமைப்பு என்கின்றனர். அதனை எண்ணாலும் கோலாலும் அளந்தறிய முடியும். கிராம வரைபடமும், கட்டத்தாளும், ஒரு முழ நூலும் கொண்டு ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தாமே அளந்து பார்க்கக்கூடிய சில அளவுகளை இங்கு விளக்குவோம்.

மூன்று உறுப்புகள்

1939-ஆம் ஆண்டில் செருமானிய புவியியல் அறிஞர் கார்ல் டிரோல் என்பார், வானிலிருந்து எடுத்த நிழற்படங்களை ஆராய்ந்தபோது, நிலப்பரப்பின் அமைப்புக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் உள்ள தொடர்பைத் தனித் துறையாகவே ஆராய வேண்டும் என்று கண்டு, அதற்கு ஒரு பெயரும் இட்டார். 1986-இல் ரிச்சர்டு போர்மன், மிசேல் கோத்ரான் என்னும் இருவர் எழுதிய நூலில், எந்த நிலப்பரப்பையும் மூன்று உறுப்புகளாகப் பிரித்துக் காணும் முறை தெளிவாக வகுக்கப்பட்டது.

முதலாவது, திட்டு. சுற்றுப்புறத்தினின்று வேறுபட்டுத் தனித்து நிற்கும் நிலத்துண்டு இது. கோயிற்காடு, குளம், தோப்பு, குன்று ஆகியவை திட்டுகள். இரண்டாவது, தொடர்வழி. திட்டுகளை இணைக்கும் நீண்ட ஒடுங்கிய பகுதி இது. ஓடைக்கரை, வரத்துக்கால், பனை வரிசை, உயிர்வேலி ஆகியவை தொடர்வழிகள். மூன்றாவது, சூழ்நிலம். இவையெல்லாம் எதன் நடுவே கிடக்கின்றனவோ, அந்தப் பெரும்பரப்பு இது. நெல் விளையும் ஊரில் வயல்களே சூழ்நிலம். மலைத்தோட்டங்களில் தேயிலையே சூழ்நிலம்.

தம் ஊரின் வரைபடத்தை விரித்து இம்மூன்றையும் மூன்று வண்ணங்களால் தீட்டிப் பார்ப்பவர், அதுகாறும் அறியாத ஓர் ஊரைக் கண்டதுபோல் வியப்பது உறுதி.

உள்ளகமும் விளிம்பும்

ஒரு தோப்பின் நடுவும் ஓரமும் ஒரே தன்மையுடையன அல்ல. ஓரத்தில் வெயிலும் வெங்காற்றும் நுழையும், ஈரம் விரைவில் உலரும், களைகள் புகும், ஆடுமாடுகளும் மனிதரும் நடமாடுவர். நடுவில் நிழலும் ஈரமும் அமைதியும் நிலைத்திருக்கும். ஓரப்பகுதியை விளிம்பு என்றும், அதன் தாக்கம் எட்டாத நடுப்பகுதியை உள்ளகம் என்றும் கூறுவோம். விளிம்பின் தாக்கம் எவ்வளவு தொலைவு உட்செல்லும் என்பது காட்டின் வகையையும், எவ்வுயிரைக் கருதுகின்றோம் என்பதையும் பொறுத்தது. கணக்கிற்காக 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

200 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள சதுரமான தோப்பு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 4 ஹெக்டேர். ஏறத்தாழ 10 ஏக்கர். நான்கு புறமும் 50 மீட்டர் விளிம்பாகக் கழிந்தால், நடுவே 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது 1 ஹெக்டேர் உள்ளகமாக எஞ்சும்.

இப்பொழுது 10 மீட்டர் அகலமுள்ள சாலையொன்றைத் தோப்பின் நட்டநடுவே போடுவதாக வைத்துக்கொள்வோம். சாலை எடுத்துக்கொள்ளும் நிலம் 0.2 ஹெக்டேர்தான், ஏறக்குறைய அரை ஏக்கர். பத்து ஏக்கரில் அரை ஏக்கர் போனால் என்ன என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் எஞ்சிய தோப்பு, 95 மீட்டர் அகலமுள்ள இரு துண்டுகளாகப் பிரிந்து விடுகின்றது. ஒவ்வொன்றிலும் இருபுறமும் 50 மீட்டர் விளிம்பு கழிந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அரை ஏக்கர் சாலையால், இருந்த உள்ளகம் முழுவதும் அழிந்துபோயிற்று.

அதே சாலையை நடுவே செலுத்தாமல் தோப்பின் ஓர் ஓரமாகவே அமைத்தால் என்ன ஆகும்? எடுக்கப்படும் நிலம் அதே 0.2 ஹெக்டேர். ஆனால் தோப்பு 190 மீட்டருக்கு 200 மீட்டர் என்னும் ஒரே துண்டாக நிற்கும். உள்ளகம் 90 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது 0.9 ஹெக்டேர் பிழைத்திருக்கும். பதிவேட்டில் இரண்டும் ஒரே இழப்பு. நிலத்திலோ ஒன்று அழிவு, மற்றொன்று சிறு குறைவு. சாலையின் கோட்டை வரையும் நாளில் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க அரைமணி நேரம் போதும்; சாலை போட்டபின் எந்தக் கணக்கும் உதவாது.

இது வெறும் காகிதக் கணக்கன்று. பிரேசில் நாட்டில் மனாவுசு நகரின் அருகே அமேசான் காட்டில் 1979-இல் தொடங்கிய பெரும் ஆய்வொன்றில், 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள காட்டுத் துண்டுகளைத் தனிமைப்படுத்தி, அவற்றின் நிலையை ஆண்டுதோறும் குறித்து வந்தனர். வெட்டிய ஓரத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் வரையில் பெருமரங்கள் மிகுதியாக மடிந்தன. 100 ஹெக்டேர் துண்டுகளிற்கூட, காட்டின் கீழ்த்தளத்தில் வாழும் பறவை வகைகளிற் பாதி, பதினைந்து ஆண்டுகளுக்குள் அற்றுப்போயின. நம் வறண்ட நாட்டுத் தோப்புகள் மழைக்காடுகள் அல்ல. எனினும் ஓரம் பெருகினால் உள்ளகம் சுருங்கும் என்னும் விதி இரண்டுக்கும் பொது.

துண்டுகளின் கணக்கு

ஓர் ஊரில் 6 ஹெக்டேர், 3 ஹெக்டேர், 1 ஹெக்டேர் என மூன்று தோப்புகள் உள்ளன என்போம். மொத்தம் 10 ஹெக்டேர். மூன்றால் வகுத்தால் சராசரி 3.3 ஹெக்டேர். இச்சராசரியினும் பயனுள்ள அளவொன்று உண்டு. ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அதனாலேயே பெருக்கி, வந்த தொகைகளைக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். இங்கு 36, 9, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 46. அதனை 10-ஆல் வகுத்தால் 4.6 ஹெக்டேர். இதன் பொருள் எளிது. இத்தோப்புகளில் எங்கேனும் ஓரிடத்தில் ஓர் உயிரை விட்டால், அதற்குக் கிட்டும் தொடர்ச்சியான இடம் சராசரியாக இவ்வளவு என்பதே.

இவ்வெண்ணைக் கொண்டு மரம் நடும் திட்டத்தை எடைபோடலாம். ஊராட்சி புதிதாக 1 ஹெக்டேரில் மரம் நடக் கருதுகின்றது. எங்கோ தனித்த இடத்தில் நட்டால், துண்டுகள் 6, 3, 1, 1 என்றாகும். அளவு 47-ஐ 11-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 4.3. மரப்பரப்பு கூடியும் இவ்வெண் குறைகின்றது. ஏனெனில் கூடியது மற்றுமொரு சிறுதுண்டே. அதே 1 ஹெக்டேரை 6 ஹெக்டேர் தோப்புக்கும் 3 ஹெக்டேர் தோப்புக்கும் இடையே, இரண்டும் ஒன்றுசேரும்படி நட்டால், 10 ஹெக்டேர் துண்டு ஒன்றும் 1 ஹெக்டேர் துண்டு ஒன்றும் ஆகும். அளவு 101-ஐ 11-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 9.2. செலவும் கன்றும் உழைப்பும் ஒன்றே; பயனோ இரு மடங்குக்கு மேல். எங்கே நடுவது என்பதே எத்தனை நடுவது என்பதற்கு ஈடான கேள்வி என்பதை இதனின்று உணரலாம்.

இடைவெளியும் இணைப்பும்

துண்டுகளை ஒன்று சேர்க்க இயலாத இடத்தில், அவற்றுக்கிடையே உள்ள தொலைவை அளக்க வேண்டும். ஒரு தோப்பின் ஓரத்திலிருந்து அடுத்த தோப்பின் அண்மையான ஓரம் வரை அளப்பதே முறை. இத்தொலைவு எல்லா உயிருக்கும் ஒன்றன்று. வயலின்மேல் பறந்து செல்லும் கொக்கிற்கு அரைக் கல் தொலைவு பொருட்டன்று. மரத்தை விட்டிறங்கத் தயங்கும் விலங்கிற்கு ஒரு சாலையின் அகலமே பெருந்தடை.

இதற்குக் கோவை மாவட்டத்து வால்பாறை நல்ல சான்று. ஆனைமலையின் மேலுள்ள இப்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோட்டப்பயிர்களுக்காக மழைக்காடு அழிக்கப்பட்டது. இன்று தேயிலைத் தோட்டங்களின் நடுவே சிறியதும் பெரியதுமான காட்டுத் துண்டுகள் தீவுகள்போல் நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு, புதுத்தோட்டம் என்னும் துண்டில் வாழ்கின்றது. மரத்துக்கு மரம் தாவி வாழும் இவ்விலங்கு, மரக்கிளைகளின் தொடர்ச்சி அறுந்த இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேர்ந்து, வண்டிகளில் அடிபட்டு மடிந்தது. ஆகவே சாலையின் மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டப்பட்டன. குரங்குகள் அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. அங்குள்ள யானைகளும் நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோர மரச்செறிவையே பெரிதும் நாடிச் செல்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கரையோரத்துப் பசுமையைக் காத்தால், யானைக்கு வழியும் மனிதருக்கு அச்சக்குறைவும் ஒருங்கே கிட்டும்.

சமவெளி ஊர்களில் இணைப்பின் அருமையை உழவர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுட் பல, மேல் ஏரியின் கலிங்கு வழிந்த நீர் மறுகாலாக ஓடிக் கீழ் ஏரியை நிரப்பும்படி சங்கிலித் தொடராக அமைந்தவை. ஏரியின் பரப்பு பதிவேட்டில் குறையாமல் இருக்க, வரத்துக்கால் மட்டும் இருபது மீட்டர் நீளத்திற்குத் தூர்ந்தாலும், அடைபட்டாலும், கீழ் ஏரி வறண்டு கிடக்கும். நீருடன் வரும் மீனும், மீனை நாடி வரும் பறவையும் அத்துடன் நிற்கும். ஆகவே ஏரியை அளப்பவர் காலையும் உடன் அளத்தல் வேண்டும்.

சூழ்நிலத்தின் பங்கு

திட்டைச் சுற்றியுள்ள நிலம் எத்தகையது என்பதும் அளவிடத்தக்கதே. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர் மட்டுமே. ஆயினும் பருவந்தோறும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் அங்குள்ள மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அத்தனை குஞ்சுகளுக்கும் இரை அவ்வேரியிலிருந்தே கிடைப்பதில்லை. சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும் மேய்ந்தே தாய்ப்பறவைகள் இரை கொணர்கின்றன. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊர்மக்கள், தலைமுறை தலைமுறையாக அப்பறவைகளைக் காத்து வருகின்றனர்.

1998-இல் அரசு வெளியிட்ட அறிவிப்பில், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டமும் சரணாலயத்துடன் சேர்க்கப்பட்டது. அவ்வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7,850 ஹெக்டேர் ஆகும். ஏரியைப்போல் 260 மடங்கு. கூடு ஓரிடத்தும் உணவு பரந்த இடத்தும் இருத்தலின், ஏரிக்கு மட்டும் வேலியிட்டுக் காப்பது போதாது என்பதை இவ்வெண் உணர்த்துகின்றது. சுற்றுவயல்களில் கடும் நஞ்சு தெளித்தாலும், அயலூர் ஏரிகள் தூர்ந்தாலும், வேடந்தாங்கலின் கூடுகள் வெறுமையாகும்.

அளக்கும் முறை

இவற்றை அளப்பதற்குப் பெருங்கருவிகள் வேண்டும் என்று எண்ண வேண்டுவதில்லை. 1995 முதல் இக்கணக்குகளைச் செய்யும் கணினி நிரல்கள் உள்ளன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் 'புவன்' தளத்தில் 2009 முதல் செயற்கைக்கோள் படங்களைக் காணலாம். அவை கிடைப்பின் நன்று. கிடையாவிடினும் கீழ்க்கண்டவாறு தொடங்கலாம்.

முதலில், கிராம வரைபடத்தின் படியொன்றைப் பெற்று, அதன் அளவுத்திட்டத்தைப் பார்க்கவும். அது 1:5000 ஆயின், தாளில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். ஒளி ஊடுருவும் கட்டத்தாளை வரைபடத்தின்மேல் வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் கட்டம் கால் ஹெக்டேரைக் குறிக்கும். நான்கு கட்டங்கள் ஒரு ஹெக்டேர். பாதிக்கு மேல் தோப்பில் விழும் கட்டங்களை எண்ணி, பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிட்டால், பரப்பு பெரும்பாலும் சரியாகக் கிடைக்கும்.

அடுத்து, நனைத்த நூலைத் தோப்பின் எல்லைக் கோட்டின்மேல் வளைத்து இட்டு, பின் அதனை நேராக்கி அளந்தால் சுற்றளவு தெரியும். எல்லைக்கு உட்புறமாக 1 சென்டிமீட்டர் தள்ளி மற்றொரு கோடு வரைந்தால், அக்கோட்டுக்குள் அடங்குவது உள்ளகம். பின்னர் துண்டுகளை எண்ணி, அவற்றின் இடைவெளிகளை அளவுகோலால் அளந்து, ஓடை, கால், பனை வரிசை முதலிய தொடர்வழிகள் எங்கெங்கு அறுந்துள்ளன என்று குறிக்கவும்.

இறுதியாக, வரைபடத்தைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றி நடந்து வருதல் இன்றியமையாதது. வரைபடம் வரைந்த நாளில் இருந்த மேய்ச்சல் நிலம் இன்று இல்லாதிருக்கலாம். ஆடு மேய்ப்பவரும், நீர் பாய்ச்சுபவரும், விறகு பொறுக்கும் பெண்களும் அறிந்த செய்திகள் எந்தப் படத்திலும் இரா. அவர்களை உடன் அழைத்துச் செல்வது நலம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவ்வாறே மீண்டும் அளந்தால், ஊர் எத்திசையில் செல்கின்றது என்பது விளங்கும்.

சில எச்சரிக்கைகள்

பச்சையாகத் தெரிவனவெல்லாம் தோப்பல்ல. ஏரிக்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் வானிலிருந்து பார்க்கக் காடுபோல் தோன்றும். அதனைக் கணக்கிற் சேர்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். எனவே அளவுடன் தரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மரமில்லா நிலம் பாழ்நிலமன்று. புல்வெளியும் மேய்ச்சற்காடும் தமக்கென உயிரினங்களை உடையன. கால்நடைக்கு உணவும் அவையே. இரு தோப்புகளை இணைக்கும் ஆர்வத்தில் நல்ல புல்வெளியை மரத்தால் மூடிவிடலாகாது.

சிறுதுண்டு என்று எதனையும் இகழ்தலும் கூடாது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியில் ஏறத்தாழ 193 ஹெக்டேர், தமிழகத்தின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்ட இரண்டாவது தலமாகிய திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயிற்காட்டின் பரப்பு 4.97 ஹெக்டேர் மட்டுமே. ஆயினும் அது அழகர்மலைக் காப்புக்காட்டின் அருகே அமைந்தது. பெருங்காட்டின் பக்கத்திலிருக்கும் சிறுகாடு, ஆற்றைக் கடப்பவனுக்கு நடுவில் கிடக்கும் கற்பாறை போன்றது. அதன் அருமையைப் பரப்பால் மட்டும் அளந்தால் காண இயலாது. இருக்குமிடத்தால் அளந்தாலே புலப்படும்.

ஊராட்சியின் கடமை

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று விதிக்கின்றது. அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதி வைத்தல் வேண்டும். ஊரிலுள்ள மரஞ்செடிகளின் பெயர்களையும் பறவைகளின் பெயர்களையும் அப்பதிவேட்டில் எழுதுவதோடு அமையாது, மேற்கூறிய வரைபடத்தையும் அளவுகளையும் அதில் சேர்த்து வைத்தால், அது உயிருள்ள ஆவணமாகும். எத்தனை துண்டுகள், மிகப்பெரிய துண்டு எது, உள்ளகம் எவ்வளவு, அறுந்த இணைப்புகள் எவை என்னும் நான்கு வரிகள் போதும்.

தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடத்த வகை செய்யப்பட்டுள்ளது. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22 அவற்றுள் ஒன்று. அன்று ஊர்ப் பொதுமக்கள் முன்னிலையில் இவ்வரைபடத்தை விரித்து வைப்பது பொருத்தமாகும். புதிய சாலைக்கோ, கட்டடத்திற்கோ, மரம் நடுதலுக்கோ இடம் தேர்ந்தெடுக்கும் தீர்மானம் வரும்போது, "இதனால் எத்தனை ஏக்கர் போகும்?" என்று கேட்பது நம் வழக்கம். "இதனால் எது துண்டுபடும்? எது ஒன்றுசேரும்?" என்னும் வினாவையும் உறுப்பினர் எவரேனும் ஒருவர் எழுந்து கேட்பாராக. சாலையின் கோடு பத்து கஜம் தள்ளி வரையப்படுவதும், கன்றுகள் ஓடைக்கரைக்கு மாற்றப்படுவதும் அவ்வொரு வினாவால் நிகழக்கூடும்.

நம் முன்னோர் ஏரிக்கு மேல் ஏரி அமைத்துக் காலால் இணைத்தபோதும், கரைகளில் பனை வளர்த்தபோதும், கோயிலைச் சுற்றிக் காடு விட்டபோதும், ஊரை ஒரே உடலாகக் கருதினர். அவ்வுடலின் உறுப்புகளைத் தனித்தனியே பதிந்து வைத்துள்ள நாம், அவற்றைப் பிணைக்கும் நரம்புகளையும் அளந்து பதிந்து வைப்போமாக.